என் புருசன் கொடுத்த மக்னீசியம்

எனக்கு என் புருசன் மருந்து வைத்துவிட்டான் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேச்சு ஓடியது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே ஓடத் தொடங்கிவிட்டது. மேல் லயத்து வரிசை வீடுகளில் தொடங்கிய பேச்சு கீழ் லயத்துக்கு இறங்கி வருவதற்குள், அவருக்கு உக்குவளையில் இன்னொரு குடும்பம் இருப்பதாகவும் வளர்ந்துவிட்டது. இருக்கிற ஒரு பெண்டாட்டிக்கே பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிற மனிதர் அவர். இன்னொருத்திக்கு எங்கே போவார்?

அதனால்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைக்கும் படித்தவள்தான், எழுத வரும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இதற்குப் பிறகும் யாருக்காவது வாய் அரித்தால் என் வாசலுக்கே வந்து பேசட்டும்.

என் பெயர் செல்வமணி. எல்கடுவ மலையில் கொழுந்து எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் சுப்பையா அதே தோட்டத்தில் உரக் கங்காணி. எந்த மலைக்கு எந்த உரம், எப்போது, எவ்வளவு என்று ஆட்களை வைத்துப் போட வைப்பது அவர் வேலை. நடந்து போகும்போதும் இலையைத்தான் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட வாசலில் கட்டியிருக்கிற வாழை மரத்தின் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

போன வருசம் எனக்கு மலை ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயசாகிறது என்று நினைத்தேன். பிறகு நெஞ்சு சும்மா இருக்கும்போதும் அடிக்கத் தொடங்கியது. அதுவும் ஒழுங்காக இல்லை. கூடைக்குள் கோழியை அடைத்து வைத்தால் படபடவென்று அடிக்குமே, அந்த மாதிரி. கால் இரண்டும் வீங்கின. தோட்டத்து டிஸ்பென்சரியில் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அங்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சிலும் கையிலும் காலிலும் வயரை ஒட்டி, இதயம் அடிப்பதைத் தாளில் கோடாக எடுக்கிற பரிசோதனை அது. வலி ஒன்றும் இல்லை. ரவிக்கையைக் கழற்றச் சொல்லும்போதுதான் வெட்கமாக இருக்கும். டொக்டர் என் மகள் வயசுப் பிள்ளை. சிங்களப் பிள்ளை, தமிழும் கொஞ்சம் பேசும். இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை இருக்கிறது, எனக்கு மேல் அறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கின்றன என்று படம் வரைந்து காட்டினார். அப்படி நடுங்கினால் இரத்தம் அங்கேயே தங்கிக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அதுதான் பெரிய ஆபத்து என்றார்.

மூன்று மாத்திரை தந்தார். ஒன்று இதயத் துடிப்பை அடக்க. ஒன்று இரத்தம் கட்டியாகாமல் இருக்க. இன்னொன்று கால் வீக்கம் வற்ற, அதைக் குடித்தால் அடிக்கடி ஒன்றுக்குப் போகும். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், மலைக்குப் போகலாமா என்று. மூச்சு வாங்காத அளவுக்குப் போகலாம், ஆனால் விழுந்து அடிபட்டால் இரத்தம் லேசில் நிற்காது, கவனம் என்றார். போகலாம் என்ற சொல்லை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மகள் நிரோஷா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் வத்தளையில் வாடகை வீட்டில் இருக்கிறாள், கொழும்பில் கடையொன்றில் கணக்கு வேலை. தோட்டத்துச் செக்ரோல் பதிவில் இருந்து பேரை வெட்டிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். பாசத்தில்தான் சொன்னாள், எனக்குத் தெரியாதா? ஆனால் காலையில் அவள் போனதிலிருந்து இருட்டும் வரைக்கும் ஒரு அறைக்குள் டிவியைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. நான் என் கையால் சம்பாதித்துச் சாப்பிட்டு வளர்ந்தவள். என் கால் ஏறும் வரைக்கும் மலைக்குப் போவேன், ஏறாத அன்றைக்கு நானே சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

இப்போது மக்னீசியத்துக்கு வருகிறேன்.

சில மாதத்தில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கத் தொடங்கியது. தூக்கத்தில் கத்திக்கொண்டு எழும்புவேன். கிளினிக்கில் சொன்னபோது இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் மக்னீசியம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் டொக்டர். வீக்கம் வற்றக் குடிக்கிற மாத்திரை தண்ணீரோடு சேர்த்து உடம்பில் உள்ள சில உப்புகளையும் வெளியே தள்ளிவிடுமாம். மக்னீசியம் அதில் ஒன்று. அது குறைந்தால் என்னைப் போல ஏற்கெனவே தாளம் தப்பின இதயம் இன்னும் தப்பும். ஆனால் கூடுதலாகக் கொடுத்தால் தாளம் திரும்பி வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது, குறைந்ததை நிரப்பினால் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு நாளைக்கு ஒன்று, மறுபடி இரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் காதில் இவ்வளவும் விழுந்திருக்கும். ஆனால் மனசில் நின்றது மக்னீசியம் என்ற ஒரே சொல்தான். பஸ்ஸில் ஏறியதும் அந்த மனிதர் முகத்தில் ஒரு வெளிச்சம். எத்தனையோ மாதமாக அவருக்கு என் வியாதியின் பெயர்கூட வாயில் நுழையவில்லை. இப்போது அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்று வந்துவிட்டது.

“தேயிலைக்கும் இதே சீக்குதான் புள்ள” என்றார். “முத்துன எலையில நரம்பு பச்சையா இருக்கும், நடுவுல மஞ்ச அடிக்கும். மக்னீசியம் பத்தலன்னு அர்த்தம். டொலமைட் போட்டா எந்திரிச்சிரும். இதுக்கா இவ்வளவு நாளு பயந்து செத்தோம்?”

கண்டக்டர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். நான் சிரித்தேன். அவர் அப்படிப் பேசி நெடுநாள் ஆகியிருந்தது, அதனால் எனக்கும் சந்தோசமாக இருந்தது.

மறுநாள் காலையில் இருந்து ஒரு வழக்கம் ஆரம்பமானது. குசினியில் பல்புக்குக் கீழே என்னை நிறுத்துவார். கையை வாங்கி உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். நகத்தை அமுக்கி விடுவார், சிவப்பு திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். பிறகு மாத்திரைகளை அந்தக் கையிலேயே வைப்பார். எனக்கோ ரொட்டி சுட வேண்டும், தேத்தண்ணி ஊற்ற வேண்டும், காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்திப் போனால் கொழுந்து எடுக்க நல்ல நிரை கிடைக்காது. அவர் வைத்ததை வாயில் போட்டு முழுங்கிவிட்டு ஓடுவேன். கட்டின புருசன் கையில் வைக்கிற மாத்திரையை எவள் எண்ணிப் பார்ப்பாள்? உங்களில் யாராவது பார்ப்பீர்களா?

கெண்டைக்கால் வலி விட்டது. கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய தங்கச்சி மகள் குவைத்திலிருந்து லீவில் வந்தாள். அங்கே எல்லோரும் குடிக்கிறார்கள், நல்லது என்று ஒரு பெரிய போத்தல் மக்னீசியம் கொண்டுவந்து மாமாவுக்குக் கொடுத்தாள். அவர் அதையும் சேர்த்துவிட்டார். டொக்டர் தந்தது ஒன்று, குவைத்து மாத்திரை காலையில் இரண்டு, சாயந்தரம் இரண்டு. ஏனென்று பிறகு கேட்டதற்கு, நோஞ்சான் செடிக்கு ஒரு பிடி உரம் எந்த மூலைக்கு என்றார்.

எனக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. பலாக்காய்க் கறியில் பழியைப் போட்டேன். அப்படியே மலைக்கும் போனேன். எங்கள் வேலையில் சொன்ன கிலோ எடுத்தால்தான் முழு நாள் சம்பளம், அதை முழுப்பேர் என்போம். குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள். வியாதி வந்த பிறகு நான் ஒரு நாள்கூட அரைப்பேர் வாங்கியதில்லை, இந்தப் பாழாய்ப்போன வயிற்றுக்காக வாங்குவேனா? தண்ணீர் போகப் போக வெயிலில் நின்றேன். வீக்க மாத்திரையையும் விடாமல் குடித்தேன். கண் சொருகிக்கொண்டு வந்தது. ஒரு நாள் மத்தியானம் நிறுவைக்கு இறங்கும்போது கால் மடங்கி நிரைக்குள்ளேயே விழுந்துவிட்டேன்.

கூட இருந்த பெண்கள் இடுப்பில் கட்டுகிற தடித்த படங்குத் துணியை அவிழ்த்து, அதில் என்னைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வந்தார்களாம். கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்களுக்கு நான் பட்ட கடன் இந்தப் பிறவியில் தீராது.

ஆஸ்பத்திரியில் நாடியைப் பார்த்த நர்ஸ் மிஸ் மறுபடியும் பார்த்தார். முதலில் வந்தபோது என் இதயம் தறிகெட்டு ஓடியது. இப்போது அடிக்கவே யோசித்து யோசித்து அடித்தது. பிரஷரும் இறங்கிவிட்டது. என்னென்ன மருந்து குடிக்கிறார் என்று டொக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தார். குவைத்துப் போத்தலையும் வைத்தார். எத்தனை கொடுத்தார் என்று கேட்டதற்கு ஒன்றுகூட மறைக்காமல் சொன்னார். மருந்து வைக்கிறவன் போத்தலோடு வந்து டொக்டர் மேசையில் வைப்பானா? மேல் லயத்துக்காரர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கவும்.

டொக்டர் விளக்கியதை எனக்கு விளங்கின மட்டும் சொல்கிறேன். கூடுதலான மக்னீசியத்தைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். ஆனால் மக்னீசியம் அளவுக்கு மிஞ்சினால் வயிறு கழியும். கழிந்து தண்ணீர் வற்றினதால் என் சிறுநீரகம் சோர்ந்துபோய்விட்டது. அதனால் குடித்த மக்னீசியம் இரத்தத்திலேயே தேங்கிவிட்டது. துடிப்பை அடக்குகிற மாத்திரையும் கூட இருந்ததால் இதயம் ரொம்ப மெதுவாகிவிட்டது. நரம்பு வழியாகச் சேலைன் ஏற்றினார்கள். கல்சியம் ஊசியை மெதுவாகப் போட்டார்கள், மக்னீசியம் இதயத்தில் செய்கிற சேட்டையை அது தடுக்குமாம். நெஞ்சில் வயரை ஒட்டி மெஷினில் பூட்டி வைத்தார்கள்.

அன்றைக்குச் சாயந்தரமே நிரோஷா வந்துவிட்டாள். என்னைப் பார்த்து அழுதாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“அம்மாவ தேயிலச் செடின்னு நெனச்சீங்களா?” என்று கேட்டாள்.

வார்டு முழுக்கக் கேட்டது. அவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். நான் கூப்பிட நினைத்தேன், நாக்கு எழும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் வார்டுக்குள் வரவில்லை.

ஆஸ்பத்திரி நாட்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். விடியும் முன்னே இரத்தம் எடுக்க வருவார்கள். வயிறு கழிந்ததில் இரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரையின் வேலையும் கூடிப்போய், ஊசி குத்தின இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. அந்த மாத்திரையைச் சில நாளைக்கு நிறுத்தி வைத்தார்கள். நான் குடிக்கிற தண்ணீரையும் அளந்தார்கள், போகிற தண்ணீரையும் அளந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் நாலந்தை ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழ் வராது, என் சிங்களம் பெரட்டுக் களத்தில் படித்தது. ஆனாலும் நான் திரும்பிப் படுக்கக் கஷ்டப்படும்போதெல்லாம் எழும்பி வந்து தலையணையைச் சரி செய்துவிடுவார்.

பயந்தேனா என்றால், பயந்தேன். இரவில் விளக்கை அணைத்த பிறகு மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். சாவதற்குக்கூட அவ்வளவு பயமில்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வாயில் எச்சில் வடிய, பிறர் ஊட்டிவிடச் சாப்பிட்டுக் கிடக்க வேண்டி வருமோ என்றுதான் பயந்தேன். அப்போது என் நெஞ்சைப் பார்த்தே ஏசுவேன். உனக்கு இத்தனை வருசம் சோறு போட்டிருக்கிறேன், ஒழுங்காக அடி, நாயே என்பேன். ஏசினால் கொஞ்சம் தைரியம் வரும்.

மகள் லீவு போட்டுவிட்டு என்னோடேயே இருந்தாள். தலை வாரினாள், உடம்பு துடைத்தாள், குறை சொல்ல முடியாது. கூடவே எல்லாவற்றையும் முடிவும் செய்துகொண்டிருந்தாள். துண்டு வெட்டி ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பியதும் நேரே வத்தளை. அப்பா வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

ஒரு நாள் காலையில் அவள் கீழே போய்விட்டு ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்தாள். அது எங்கள் வீட்டு ஃபிளாஸ்க், மூடியில் வெடிப்பு இருக்கும். அவள் நேரே பேசினுக்குப் போய் மூடியைத் திறந்து கவிழ்த்தாள். கொத்தமல்லி வாசம் கட்டில் வரைக்கும் வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது, முழுசையும் பிறகு அவளே சொன்னாள். அவர் தினமும் எல்கடுவையில் இருந்து முதல் பஸ்ஸில் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரி கேட்டில் மகள் கையில் கொடுத்திருக்கிறார். இவள் தினமும் ஊற்றியிருக்கிறாள். அன்றைக்குத்தான் நான் முழித்திருக்கும்போது ஊற்றினாள்.

“யாரக் கேட்டு ஊத்துன?” என்றேன்.

“அதுக்குள்ள என்னா போட்டிருக்காரோ, யாருக்கும்மா தெரியும்?”

நான் எழும்பி உட்கார்ந்தேன். மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தியது, கத்தட்டும். “ஒங்கப்பாவுக்கு அளவு தெரியல, ஒத்துக்கிறேன்” என்றேன். “அதுக்காக அவரு கையில வெசம் இருக்குன்னு நீ நெனச்சா, ஒன் வீட்டுச் சோறு எனக்கு வேணாம். போயி அவர மேல கூட்டிட்டு வா.”

மெஷின் சத்தத்துக்கு மிஸ் ஓடி வந்தார். என்னைப் படுக்க வைத்தார். நான் அவரிடம் கொத்தமல்லித் தண்ணி குடிக்கலாமா என்று கேட்டேன். ஒரு கப் குடிக்கலாம், அளவில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். நிரோஷா வெறும் ஃபிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டுக் கீழே போனாள்.

அவர் வந்தார். கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார். தாடி வளர்ந்து, கண் குழி விழுந்து, அவர்தான் நோயாளி மாதிரி இருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

துண்டு வெட்டுகிற நாளில் மாத்திரைப் பைகளை எடுத்துக்கொண்டு மிஸ் வந்தார். வீட்டில் யார் பொறுப்பு என்று கேட்டார். நிரோஷா கையை நீட்டினாள். அவர் தரையைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என்னிடமே கொடுங்கள் என்றேன். ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது, எத்தனை என்று மிஸ்ஸைச் சொல்ல வைத்தேன். பிறகு நான் திருப்பிச் சொன்னேன். ஒன்றில் பிழை வந்தது, மறுபடி சொன்னேன். மக்னீசியம் அதில் இல்லை. டொக்டர் வந்தபோது மலையைப் பற்றியும் கேட்டேன். சிறுநீரகம் தேறிவிட்டது, கொஞ்ச காலம் ஓய்வு எடுத்துவிட்டு மெதுவாகத் தொடங்கலாம் என்றார். நிரோஷாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“அடுத்த கிளினிக் வரைக்கும் பாக்குறேன்” என்றாள். “அதுல ஒரு கொற சொன்னாலும் நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்.”

சரி என்றேன். வீட்டுக்கு வந்தேன். அவர் சமைத்தார், தண்ணீர் பிடித்தார், துணி தோய்த்தார். என் மாத்திரைப் பக்கம் மட்டும் தலை வைக்கவில்லை. காலையில் பல்புக்குக் கீழே நிற்பது, கையைப் பார்ப்பது எல்லாம் அத்தோடு நின்றுபோயின. வேலையில்கூட உர மூட்டையை வேறு ஆளை அளக்கச் சொல்கிறாராம் என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு என் வியாதியை விடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த கிளினிக் வந்தது. நாடி பரவாயில்லை, சிறுநீரகம் நல்லது, மெதுவாக மலைக்குப் போகத் தொடங்கலாம் என்றார்கள். ஆனால் மக்னீசியம் மறுபடி குறைந்திருந்தது. டொக்டர் கொஞ்சம் யோசித்தார். நாளைக்கு ஒன்று, ஒன்றே ஒன்று, இரத்தப் பரிசோதனைக்கு நாள் தப்பக் கூடாது, வயிறு கழிந்தால் நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்று எழுதித் தந்தார். ஃபோனில் சொன்னதும் நிரோஷா கூட்டிப்போக வருகிறேன் என்று சொல்லவில்லை, மக்னீசியம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். வீட்டில் அவரும் கெஞ்சினார்.

“வேணாம் புள்ள. அந்தச் சனியன் நம்ம வீட்டுக்குள்ளயே வரவேணாம்.”

“பயந்துக்கிட்டு குடிக்காம உட்டா அதுவும் தப்பான அளவுதான்” என்றேன். “எனக்கு மலைக்குப் போகணும். அதுக்கு இது வேணும்னா குடிப்பேன்.”

மறுநாள் காலை. நானே பையைப் பிரித்து ஒரு மாத்திரையை எடுத்துப் பல்புக்குக் கீழே போய் நின்றேன். தண்ணி கொண்டு வாங்க என்றேன். கொண்டுவந்தார். குடித்து முடித்ததும் கையை மடக்காமல் அவர் முன்னால் நீட்டினேன்.

“பாருங்க.”

“எனக்கு என்னா தெரியும்?”

“எலை பாக்கத் தெரியும்ல. பாருங்க.”

அவர் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். என் கையை வாங்கினார். உள்ளங்கையைத் திருப்பினார், நகத்தை அமுக்கினார், விட்டார். சிவப்பு திரும்பி வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்த பிறகும் விடவில்லை. அவர் கண்ணில் இருந்து விழுந்தது என் உள்ளங்கையில்தான் விழுந்தது. துடைக்காமல் அப்படியே பிடித்திருந்தேன்.

பெக்டரிச் சங்கு ஊதியது. அவர் போய் ஆணியில் தொங்கின படங்கை எடுத்துவந்து, என் இடுப்பைச் சுற்றி அவர் கையாலேயே கட்டிவிட்டார். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“அப்ப போயிட்டு வா” என்றார். “நேரமாச்சு.”

மேல் லயத்து வாசல் வழியாகத்தான் போனேன், சுற்றுப் பாதையில் போகவில்லை. அவர் முச்சந்தி வரைக்கும் என் கூடவே நடந்து வந்தார். கொழுந்துக் கங்காணி எனக்கு றோட்டோரத்துச் சமமான மலையைக் கொடுத்தார். மூச்சு வாங்கினபோது நின்றேன், அடங்கினதும் எடுத்தேன்.

சாயந்தரம் நிறுவையில் எனக்கு முழுப்பேர்.